மிதிக்கும்போது கிறீச் சத்தம்: பாட்டம் பிராக்கெட் பேரிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைக்கிள் பெடலை அழுத்தும்போதெல்லாம் காலுக்குக் கீழே ஒரு கிறீச், இல்லாவிட்டால் ஒரு 'டக்'. உடனே எல்லோரும் சொல்வது, "பி.பி. போயிடுச்சு, மாத்திடு." மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருக்கும். காரணம் வேறு எங்கோ இருந்திருக்கும், பழி மட்டும் பேரிங் மேல் விழுந்திருக்கும். எதையும் வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும், உண்மையிலேயே தேய்ந்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தப் பக்கம்.

பாட்டம் பிராக்கெட் என்பது எது?

பெடல் மாட்டியிருக்கும் தண்டுக்குக் கிராங்க் என்று பெயர். இரண்டு கிராங்கையும் இணைக்கும் ஆக்சில், அது சுழல்வதற்கான பேரிங்குகள், அந்தப் பேரிங்குகளை ஃப்ரேமில் பிடித்து வைக்கும் கப்புகள், இவை எல்லாம் சேர்ந்ததுதான் பாட்டம் பிராக்கெட். சுருக்கமாக பி.பி. ஃப்ரேமின் அடியில் குழாய்கள் வந்து சேரும் இடத்தில் குறுக்காக இருக்கும் குட்டைக் குழாய்க்கு ஷெல் என்று பெயர். நீங்கள் மிதிக்கும் விசை முழுவதும் இந்த ஷெல் வழியாகத்தான் போகிறது. அதனால் அங்கே எது கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் சத்தமாக வெளியே வந்துவிடும்.

கிறீச் சத்தம் வந்தாலே பேரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கிறீச் என்பது, அசையவே கூடாத இரண்டு பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று அழுந்தியபடி மிக நுண்ணிய அளவில் வழுக்குவதால் வருவது. விசை ஏறும்போது ஒட்டி நிற்கும், ஒரு கட்டத்தில் சட்டென்று விடுபடும், திரும்பவும் ஒட்டும். கண்ணுக்குத் தெரியாத அசைவுதான், ஆனால் ஃப்ரேமின் வெற்றுக் குழாய்கள் அதைப் பெரிதாக்கிக் காட்டிவிடும். கப்புக்கும் ஷெல்லின் மரைக்கும் நடுவில், கிராங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில், பெடலுக்கும் கிராங்குக்கும் நடுவில் என இது எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். பேரிங் புத்தம் புதிதாக இருந்தாலும் நடக்கும்.

பேரிங் தேய்மானம் வேறு மாதிரி இருக்கும். குண்டுகள் உருளும் பாதையில் குழி விழுந்திருக்கும், துரு ஏறியிருக்கும், கிரீஸ் வற்றியிருக்கும். கிராங்கைச் சுற்றினால் மணல் அரைபடுவதுபோல நறநறவென்று கையில் தெரியும், அல்லது பக்கவாட்டில் ஆடும். சத்தமே போடாமல் முழுதாகத் தேய்ந்து கிடக்கும் பேரிங்குகளும் உண்டு. ஆகவே காதை நம்பி பேரிங்கை மாற்றாதீர்கள், கழற்றிக் கையால் சுற்றிப் பார்த்து மாற்றுங்கள்.

சத்தம் பி.பி.யிலிருந்துதான் வருகிறது என்பதை எப்படி உறுதி செய்வது?

இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஃப்ரேமின் குழாய்கள் சத்தத்தைக் கடத்திவிடுவதால், சீட்டில் பிறந்த சத்தம் காலடியில் வருவதுபோலத் தோன்றும். காது சொல்லும் இடத்தை நம்பாமல், ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வாருங்கள்.

முதலில் மிதிப்பதை நிறுத்திவிட்டு வண்டியை உருள விடுங்கள். அப்போதும் சத்தம் வந்தால் பி.பி.க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சக்கரம், ஸ்போக்ஸ், பிரேக் பக்கம் பாருங்கள். அடுத்து சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் மறைந்தால் சீட்டின் கம்பிகளையோ, அவற்றைப் பிடிக்கும் கிளாம்பையோ, சீட் போஸ்ட்டையோ சந்தேகப்பட வேண்டும். நின்று மிதிக்கும்போது மட்டும் வந்தால் ஹேண்டில்பார், ஸ்டெம் பக்கமும் இருக்கலாம். ஹேண்டிலைப் பிடித்து இழுக்காமல், விரல் நுனியால் தாங்கிக்கொண்டு மிதித்துப் பாருங்கள்.

அப்புறம் எண்ணிப் பாருங்கள். கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடத்தில் ஒரு தடவை வந்தால், அந்தப் பக்கத்துப் பெடல், கிராங்க், செயின்வீல் போல்ட்டுகள் அல்லது பி.பி. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை, அதாவது இரண்டு காலுக்கும் வந்தால் பி.பி. மீதான சந்தேகம் கூடும். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை வந்தால் அது பெரும்பாலும் செயின். 112 கண்ணி உள்ள செயினும் 48 பல் உள்ள செயின்வீலும் என்றால், செயின் ஒருமுறை முழுதாகச் சுற்றி வர கிராங்க் இரண்டேகால் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்ற வேண்டும். ஒரு கண்ணி இறுகிப் போயிருந்தால் சத்தம் அந்த இடைவெளியில்தான் வரும்.

கடைசியாக, ஓட்டாமலே ஒரு சோதனை. வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கிராங்க் தரைக்கு இணையாக இருக்கும்படி வைத்து, முன்பக்கப் பெடலைக் காலால் விட்டு விட்டு அழுத்துங்கள். கூட ஒருவர் இருந்தால் பெடல் ஆக்சில், கிராங்கின் மையம், கப்பின் விளிம்பு என ஒவ்வோர் இணைப்பிலும் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் பிறக்கும் இடத்தில் அந்த 'டக்' விரல் நுனியில் துல்லியமாகத் தெரியும். பக்கத்தில் இருக்கும் இணைப்பில்கூட அவ்வளவு தெளிவாகத் தெரியாது. எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான சோதனை வேறில்லை.

பி.பி.யைத் தொடுவதற்கு முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

பெடலிலிருந்து தொடங்குங்கள். ஐந்து நிமிட வேலை. இரண்டையும் கழற்றி, மரையைத் துடைத்து, புதிதாகக் கிரீஸ் தடவி நன்றாக முறுக்குங்கள். இடது பெடலுக்கு எதிர் மரை என்பது நினைவிருக்கட்டும். ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி நிற்கும்போது பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும். பெடலுக்குள் இருக்கும் பேரிங்கையும் விரலால் சுற்றிப் பாருங்கள். பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீட் வைத்த ஷூ போடுபவர்கள் ஒருநாள் சாதாரண ஷூவோடு மிதித்துப் பார்க்கலாம். தேய்ந்த கிளீட் போடும் சத்தம் அச்சு அசலாக பி.பி. சத்தம் மாதிரியே இருக்கும்.

அடுத்து செயின்வீல் போல்ட்டுகள். ஒன்று தளர்ந்திருந்தாலும் போதும். ஒவ்வொன்றாகக் கழற்றி, செயின்வீல் கிராங்கில் உட்காரும் இடத்தைத் துடைத்து, மெல்லக் கிரீஸ் வைத்துத் திரும்பப் பூட்டுங்கள். பின்சக்கரத்தின் ஆக்சில், கியர் வண்டியானால் செயினைக் கியர் மாற்றும் பின் டிரெய்லியர் தொங்கும் ஹேங்கர், தண்ணீர் பாட்டில் கூண்டின் ஸ்க்ரூ ஆகியவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பேரிங் தேய்மானத்தைக் கழற்றாமலே பார்க்க முடியுமா?

முடியும். செயினைச் செயின்வீலிலிருந்து எடுத்து உள்பக்கம் ஷெல் மேல் போட்டுவிடுங்கள். இப்போது கிராங்க் எதற்கும் கட்டுப்படாமல் தனியாகச் சுற்றும். ஒரு கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இன்னொரு கையை சீட் டியூபின் மேல் வையுங்கள். பேரிங் நன்றாக இருந்தால் கைக்கு எதுவும் தெரியாது. தேய்ந்திருந்தால் ஒரு நடுக்கம் ஏறி வரும். அங்கங்கே தட்டித் தட்டி நிற்பதுபோல இருந்தால் பாதையில் குழி விழுந்துவிட்டது. ஒன்று மட்டும்: புது சீல் பேரிங் கொஞ்சம் இறுக்கமாகத்தான் சுற்றும். அது குறையல்ல.

பிறகு ஆட்டம் பாருங்கள். கிராங்கின் நுனியைப் பிடித்து, ஃப்ரேமை நோக்கியும் வெளியேயும் அசையுங்கள். பெடலைப் பிடித்து அசைக்கக் கூடாது, பெடலின் ஆட்டம் குழப்பிவிடும். ஒரு பக்கத்தைத் தள்ளும்போது மறுபக்கக் கிராங்கும் சேர்ந்து ஆடினால் பி.பி.யில் ஆட்டம். ஒரு கிராங்க் மட்டும் ஆடி, மற்றது அசையாமல் இருந்தால் அந்தக் கிராங்க் ஆக்சிலில் தளர்ந்திருக்கிறது. இந்த இரண்டாவது வகைக்கு உடனே கவனம் வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

என் வண்டியில் எந்த வகை பி.பி. என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிராங்கின் மையத்தையும் ஷெல்லின் விளிம்பையும் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். கிராங்கின் அடியில் குறுக்காக ஒரு ஆணி செருகப்பட்டு, அதன் முனையில் நட்டு இருந்தால் அது காட்டர் பின் வகை, பழைய கனமான வண்டிகளில் வருவது. கிராங்கின் மையத்தில் நட்டோ போல்ட்டோ இருந்து, உள்ளே ஆக்சிலின் முனை சதுரமாக இருந்தால் சதுர ஆக்சில் வகை. அதில் ஷெல்லின் இடதுபக்கம் ஒரு லாக் ரிங் தனியாகத் தெரிந்தால் உள்ளே தனிக் குண்டுகள் இருக்கும். உள்பக்கம் பற்கள் வெட்டிய கப் தெரிந்தால் சீல் செய்த கார்ட்ரிட்ஜ், அதாவது ஆக்சிலும் பேரிங்கும் ஒன்றாக மூடிய வகை.

ஷெல்லுக்கு வெளியே பருத்த வளையம்போலக் கப் நீட்டிக்கொண்டிருந்தால் வெளிக் கப் வகை. ஷிமானோவின் ஹாலோடெக் 2 இந்த வகைதான், 24 மி.மீ. ஆக்சில் கொண்டது. வெளியே மரைக் கப் எதுவுமே தெரியாமல், ஷெல் அகலமாகவும் மொழுமொழுவென்றும் இருந்தால் அநேகமாக பிரஸ் ஃபிட், அதாவது மரையே இல்லாமல் அழுத்திச் செருகிய வகை.

மரை வகைகளில் அதிகம் புழங்குவது பி.எஸ்.ஏ. எனப்படும் ஆங்கிலேய மரை: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை, ஷெல் அகலம் 68 அல்லது 73 மி.மீ. ஷெல் 70 மி.மீ. இருந்தால் இத்தாலிய மரையா என்று பாருங்கள். அது 36 மி.மீ. விட்டம். இரண்டும் ஒன்றில் ஒன்று போகாது, கட்டாயப்படுத்தினால் ஃப்ரேம் பாழாகும்.

வலதுபக்கக் கப் எவ்வளவு முறுக்கினாலும் கழலவில்லையே?

இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்! பி.எஸ்.ஏ. ஷெல்லில் செயின் பக்கக் கப்புக்கு எதிர் மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இடதுபக்கம் வழக்கமான மரை. இரண்டையும் ஒரே விதியாக வைத்துக்கொள்ளலாம்: கருவியின் பிடி மேலே நிற்கும்போது முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இரண்டு கப்பும் கழலும், பின்சக்கரத்தை நோக்கி இழுத்தால் இரண்டும் இறுகும். பெடலுக்கு இது நேர் எதிர்.

இப்படி வைத்ததற்குக் காரணம் உண்டு. சற்றுப் பெரிய வளையத்துக்குள் ஒரு சிறிய வளையத்தை வைத்து, உள்ளிருந்து விரலால் வட்டமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். விரல் போகும் திசைக்கு எதிராகச் சிறிய வளையம் மெல்லத் திரும்பும். மிதிக்கும்போது கப்பின் மேல் விழும் சுமையும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், கப்பும் மரைக்குள் இப்படித் திரும்பப் பார்க்கிறது. எதிர் மரை இருந்தால் அந்தத் திருப்பம் கப்பை இறுக்கும். இத்தாலிய ஷெல்லில் இரண்டு பக்கமும் வழக்கமான மரைதான். அதனால்தான் அதில் வலது கப்பை மிகவும் பலமாக இறுக்க வேண்டியிருக்கிறது, அப்படியும் அது தளரும் என்ற புகார் ஓயவில்லை.

தனிக் குண்டுகள் உள்ள பழைய வகையை நானே பிரித்துச் சரிசெய்யலாமா?

தாராளமாக. எனக்கு மிகவும் பிடித்த வகையும் இதுதான். ஒவ்வொரு பாகத்தையும் கண்ணால் பார்த்து, எது தேய்ந்ததோ அதை மட்டும் மாற்ற முடிகிற பி.பி. இது ஒன்றுதான். சைக்கிளில் குண்டு பேரிங்குக்கு வயதும் அதிகம். பாரிஸைச் சேர்ந்த ழூல் சூரிரே 1869இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் ஜெயித்தது அப்படிப்பட்ட பேரிங் வைத்த வண்டியில்தான்.

கிராங்கை எடுக்க கிராங்க் புல்லர் தேவை. சதுர ஆக்சில் கிராங்கில் அதற்கான மரை 22 மி.மீ. முதலில் நட்டையும், அதற்கடியில் ஒளிந்திருக்கும் வாஷரையும் எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். வாஷர் உள்ளே இருந்தால் புல்லர் தள்ளத் தள்ள கிராங்கின் மரைதான் உரிந்து வரும். புல்லரைக் கையாலேயே கடைசி மரை வரை ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகு ஸ்பேனர் போடுங்கள்.

இடதுபக்க லாக் ரிங்கைக் கழற்றி, கப்பை மெதுவாகத் திருப்பி எடுங்கள். கீழே ஒரு தட்டு வைத்துக்கொண்டால் குண்டு ஓடாது. ஆக்சிலை உருவும்போது எந்த முனை வலதுபக்கம் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பல ஆக்சில்களில் செயின் பக்கம் கொஞ்சம் நீளமாக இருக்கும். வலது கப் நன்றாக இறுகியிருந்தால் அதைக் கழற்ற வேண்டியதில்லை, இருந்த இடத்திலேயே துடைக்கலாம். ஆனால் கிறீச் சத்தத்துக்காகப் பிரிக்கிறீர்கள் என்றால் அதையும் கழற்றி மரையைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். ஆக்சிலில் குண்டு ஓடிய இடத்தில் ஒரு வளையம் தெரியும். அது வழவழப்பான பளபளப்பாக இருந்தால் கவலை இல்லை. பேனா முனையை அதன்மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். முனை எங்கேயாவது தட்டினால் அங்கே குழி இருக்கிறது, அந்த ஆக்சில் இனி உதவாது. கப்பின் உள்பக்கத்தையும் இப்படியே பாருங்கள். முதலில் தேய்வது பெரும்பாலும் ஆக்சிலும் வலது கப்பும்தான்.

குண்டுகளை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் சற்றுப் பெரிய குண்டுகள் மட்டும் சுமையைத் தாங்கி, பாதையைக் கெடுக்கும். பி.பி. குண்டு கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. தகரக் கூண்டோடு வந்ததை எடுத்துவிட்டுத் தனிக் குண்டாகப் போட்டால் பக்கத்துக்கு 11 பிடிக்கும். கூண்டில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். அதிகக் குண்டு என்றால் ஒவ்வொன்றின் மேலும் சுமை குறையும் என்பதால் நான் தனிக் குண்டைத்தான் விரும்புவேன். வட்டத்தில் ஒரு குண்டு நெருக்கமாக நுழைகிற மாதிரி இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். குண்டுகள் உருள ஒரு இழை இடைவெளி வேண்டும்.

கப் நிறையக் கிரீஸ் வைத்து, குண்டுகளை அதில் பதித்து, ஆக்சிலைச் செருகி, இடது கப்பை ஏற்றுங்கள். இனி வருவது சரிக்கட்டும் வேலை. கப்பை விரல் இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, ஆக்சிலைச் சுற்றிப் பார்த்து, நறநறப்பு தொடங்கும் இடத்திலிருந்து நூலளவு பின்வாங்குங்கள். அங்கே கப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் ரிங்கை இறுக்குங்கள். இறுக்கும்போது கப்பும் கொஞ்சம் நகரும், அதனால் முதல் தடவையிலேயே சரியாக அமையாது. இரண்டு மூன்று முறை திருத்த வேண்டியிருக்கும். அவசரப்பட வேண்டாம். ஆட்டமும் இல்லாமல், தட்டலும் இல்லாமல் சுற்றும் ஒரு இடம் கட்டாயம் கிடைக்கும். எந்த இடத்திலும் அது கிடைக்கவில்லை என்றால் கப்போ ஆக்சிலோ தேய்ந்துவிட்டது.

காட்டர் பின் வண்டியில் ஒவ்வொரு மிதிக்கும் 'கடக்' என்கிறது. என்ன செய்வது?

பின் தளர்ந்திருக்கிறது, அல்லது அதன் சாய்வுப் பக்கம் நசுங்கியிருக்கிறது. நட்டை மட்டும் முறுக்கிப் பயனில்லை. அந்த நட்டின் வேலை பின்னை உள்ளே இழுப்பதல்ல, வெளியே வராமல் பிடிப்பது மட்டும்தான். கிராங்குக்கு அடியில் கனமான இரும்பை முட்டுக் கொடுத்து, பின்னைச் சுத்தியலால் அடித்து உட்கார வைத்து, பிறகு நட்டை இறுக்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் பாய்ந்து கப்பில் பள்ளம் விழும். புதுப் பின் போடும்போது பழையதன் விட்டத்தை அளந்து அதே அளவு வாங்குங்கள். சாய்வுப் பக்கம் ஆக்சிலின் வெட்டோடு முழுதாகப் படியும் வரை அரத்தால் ராவ வேண்டியிருக்கும். இரண்டு கிராங்கும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டுமானால், இரண்டு பின்னும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் செருகப்பட்டிருக்க வேண்டும். புதுப் பின்னைப் போட்டுச் சில நாள் ஓட்டியபின் இன்னொருமுறை அடித்து இறுக்குங்கள்.

சீல் செய்த கார்ட்ரிட்ஜில் கிரீஸ் போட முடியுமா?

நடைமுறையில் முடியாது. நறநறத்தால் முழுதாக மாற்றுவதுதான் வழி. பழையதைக் கழற்றியதும் மூன்று அளவு எடுத்துக்கொள்ளுங்கள்: மரை வகை, ஷெல் அகலம், ஆக்சிலின் முழு நீளம். இந்த நீளம் 110, 113, 118, 122.5 மி.மீ. என்று பல அளவுகளில் வரும். தவறான நீளம் போட்டால் செயின்வீல் ஃப்ரேமில் உரசும், அல்லது செயின் கோணலாக ஓடும்.

கார்ட்ரிட்ஜ் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் கிறீச் என்கிறது என்றால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். கழற்றி, ஷெல்லின் மரையைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணும் பழைய கிரீஸும் போகத் துடைத்து, புதுக் கிரீஸ் தடவி, சரியான டார்க்கில், அதாவது சரியான முறுக்கு விசையில் இறுக்குங்கள். இடதுபக்க வளையம் பிளாஸ்டிக்காக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், சத்தம் பல நேரம் அங்கிருந்துதான் வரும்.

வெளிக் கப் வகையில் என்ன பார்க்க வேண்டும்?

இதில் மூன்று இறுக்கங்கள், மூன்றுக்கும் அளவு வேறு. ஷிமானோ 24 மி.மீ. வகையில் கப்புகளுக்கு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர். இடது கிராங்கைக் கவ்வும் இரண்டு போல்ட்டுகளுக்கு 12 முதல் 14. கிராங்கின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடிக்கு 0.7 முதல் 1.5 மட்டும். அந்த மூடி ஆட்டத்தை எடுப்பதற்கு மட்டுமே. அதை பலங்கொண்டு முறுக்குபவர்கள்தான் பேரிங்கைச் சீக்கிரம் கொல்கிறார்கள். வரிசையும் முக்கியம்: முதலில் மூடி, பிறகு கவ்வும் போல்ட்டுகளை மாறி மாறி.

ஷெல்லின் இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் இரண்டு கப்பும் கோணலாக உட்காரும். புதுப் பேரிங்கும் விரைவில் தேயும், சத்தமும் போகாது. முகத்தில் பெயிண்ட் கட்டியாக இருந்தாலும் இதே கதைதான். ஒரே வண்டியில் பேரிங் அடிக்கடி போனால், முகம் சீவும் கருவி உள்ள மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இந்தக் கப்புகளில் சிலவற்றின் பேரிங்கைத் தனியாகத் தட்டி எடுத்து மாற்றலாம். பேரிங்கின் விளிம்பில் எண் பொறித்திருக்கும். 6805 என்றால் உள் விட்டம் 25, வெளி விட்டம் 37, அகலம் 7 மி.மீ. 24 மி.மீ. ஆக்சிலுக்கு நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை வரும். புதுப் பேரிங்கை அழுத்தும்போது வெளி வளையத்தில் மட்டும் விசை கொடுங்கள். உள் வளையத்தைத் தள்ளினால் விசை குண்டுகள் வழியாகப் போய், ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் பாதையில் பள்ளம் பதிந்துவிடும்.

பிரஸ் ஃபிட் ஏன் இவ்வளவு சத்தம் போடுகிறது?

மரை இல்லாததால் பேரிங்கையோ கப்பையோ பிடித்து வைத்திருப்பது இறுக்கம் ஒன்றுதான். துளை மயிரிழை பெரிதாகவோ, வட்டம் பிசகியோ, இரண்டு பக்கத் துளைகளும் ஒரே கோட்டில் இல்லாமலோ இருந்தால் கப் உள்ளேயே அசையும். சைக்கிள் நிறுவனமான கேனன்டேல் 2000இல் கொண்டுவந்த பி.பி.30இல் 42 மி.மீ. துளைக்குள் பேரிங் நேராகவே உட்காரும். பி.எஃப்.30இல் துளை 46 மி.மீ., நடுவில் கப் வரும். பி.பி.86, பி.பி.92 இரண்டிலும் 41 மி.மீ. எடை குறைந்தது, ஃப்ரேம் தயாரிப்பும் எளிதானது, உண்மைதான். ஆனால் துல்லியம் இல்லாத ஃப்ரேமில் அதன் விலையை ஓட்டுபவர்தான் கொடுக்கிறார்.

செய்ய வேண்டிய வரிசை இது. கப்பை எடுத்து, துளையையும் கப்பின் வெளிப்பக்கத்தையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடையுங்கள். வெர்னியர் காலிப்பரால் துளையை நாலு திசையில் அளந்து பாருங்கள். உலோகத்தில் உலோகம் உட்காரும் இடமானால் முதலில் கிரீஸோடு அழுத்திப் பாருங்கள். திரும்பவும் சத்தம் வந்தால், உருளை இணைப்புகளைப் பிடிக்க வைக்கும் ரிடெய்னிங் பசையைப் போடலாம், லாக்டைட் 609 அந்த வகை. அதை உலர விடாமல் ஓட்டக் கூடாது. கார்பன் ஃப்ரேமோ பிளாஸ்டிக் கப்போ இருந்தால் ஃப்ரேம் தயாரித்தவர்கள் சொல்லும் பொருளை மட்டும் போடுங்கள். சில பசைகள் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

இதெல்லாம் செய்தும் நிற்காவிட்டால், இரண்டு பாதிகளும் ஷெல்லுக்குள் ஒன்றோடொன்று மரையால் பூட்டிக்கொள்ளும் பி.பி. போடுங்கள். என் கருத்தில் பிரஸ் ஃபிட் ஃப்ரேமுக்கு இதுவே உருப்படியான தீர்வு. இரண்டு கப்பும் ஒரே குழாயாகிவிடுவதால் தனித்தனியாகக் கோணிக்கொள்ள வழியில்லை. தயாரிப்பாளர்கள் பலர் மரைக்கே திரும்பியதும், 47 மி.மீ. மரை கொண்ட டி47 வந்ததும் இந்தச் சத்தத் தொல்லையால்தான்.

கிராங்க் தளர்ந்த வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?

கிராங்கே போய்விடும். சதுர ஆக்சில் இரும்பு, கிராங்க் அலுமினியம். தளர்ந்த நிலையில் ஒவ்வொரு மிதிக்கும் சதுரத் துளையின் மூலைகள் நசுங்கி உருண்டையாகும். அதன்பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. வழியில் தளர்ந்தால் அங்கேயே இறுக்குங்கள், கருவி இல்லாவிட்டால் தள்ளிக்கொண்டு வாருங்கள். கிராங்க் போல்ட்டுக்கு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வேண்டும், குட்டை ஸ்பேனரால் அந்த விசை வராது.

சதுர முனையில் கிரீஸ் தடவலாமா என்று இரண்டு கட்சிகள் உண்டு. மெல்லிய படலமாகத் தடவித் துடைத்துவிட்டு, சரியான டார்க்கில் ஒரே தடவை இறுக்குவது என் பழக்கம். போல்ட்டின் மரையிலும் தலைக்கு அடியிலும் கிரீஸ் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடே இல்லை.

டபிள்யூ.டி.-40 அடித்தால் சத்தம் நின்றுவிடுகிறதே, அது போதாதா?

நிற்கும், இரண்டு நாளைக்கு. அது பேரிங் கிரீஸ் அல்ல. சீலைத் தாண்டி உள்ளே போனால் இருக்கும் கிரீஸையும் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும். இறுகிய போல்ட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்துங்கள், பி.பி. மேல் அடிக்காதீர்கள்.

மழையில் ஓட்டினால் பேரிங் சீக்கிரம் போகுமா?

போகும், தண்ணீர் உள்ளே தங்கினால். மேலிருந்து பொழிவதைவிட சீட் போஸ்ட் இடுக்கு வழியாக இறங்கி ஷெல்லில் தேங்கும் தண்ணீர்தான் மோசம். ஷெல்லின் அடியில் வடிகால் துளை இருக்கிறதா, மண் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நல்ல மழையில் ஓட்டிய பிறகு சீட் போஸ்ட்டை உருவி, வண்டியைத் தலைகீழாக நிறுத்தி வைத்தால் உள்ளே இருப்பது வடிந்துவிடும். சீட் உயரத்துக்கு முன்பே டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். உயர் அழுத்தத் தண்ணீர்க் குழாயைக் கப்பின் பக்கம் காட்டவே கூடாது.

எந்தக் கிரீஸ் நல்லது? செராமிக் பேரிங் போட்டால் தீருமா?

தண்ணீரில் கரையாத, பேரிங்குக்கான எந்த நல்ல கிரீஸும் போதும். டைட்டானியம் ஃப்ரேமில் மரைக்கு ஆன்ட்டி சீஸ் என்ற, உலோகம் ஒட்டாமல் தடுக்கும் பசையைத் தடவுங்கள், இல்லாவிட்டால் கப் ஒட்டிக்கொள்ளும். செராமிக் பேரிங்குக்கும் கிறீச் சத்தத்துக்கும் தொடர்பில்லை. கப் அசைந்தால் உள்ளே எந்தக் குண்டு இருந்தாலும் அசையும்.

துருப்பிடித்து இறுகிய கப்பை எப்படிக் கழற்றுவது?

ஊடுருவும் எண்ணெயை ஷெல்லின் இரண்டு பக்கமும் விட்டு ஓர் இரவு வையுங்கள். கருவி வழுக்கினால் கப்பின் பற்கள் போய்விடும். எனவே கருவியை ஒரு போல்ட், வாஷர் கொண்டு ஆக்சிலோடு சேர்த்துப் பிடித்துவிட்டு, நீளமான பிடி போடுங்கள். திசையை இன்னொருமுறை சரிபாருங்கள். இரும்பு ஃப்ரேமானால் ஷெல்லை மிதமாகச் சூடாக்கலாம், கார்பன் ஃப்ரேமில் சூடு கூடவே கூடாது.

சத்தத்தோடு எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

காரணம் தெரிந்த, கப்பின் மரையிலிருந்து வரும் கிறீச்சால் உடனடி ஆபத்து இல்லை. ஆனால் சத்தம் நாளுக்கு நாள் கூடினாலோ, எதைச் செய்தும் போகாவிட்டாலோ, ஃப்ரேமைத் துடைத்துவிட்டு ஷெல்லில் குழாய்கள் சேரும் இடங்களையும், பெடல் துளையைச் சுற்றிக் கிராங்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். பெயிண்ட்டில் மெல்லிய கோடு, அதன் ஓரத்தில் துரு அல்லது கறுப்பு படிந்திருந்தால் அது விரிசலாக இருக்கலாம். அதைத் தெளிவுபடுத்தும் வரை அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

எல்லாம் செய்தேன், சத்தம் நின்றது, சில வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. ஏன்?

பெரும்பாலும் மூன்று காரணங்கள். டார்க் போதவில்லை, அதனால் கப் மெல்லத் தளர்ந்திருக்கிறது. ஷெல்லின் முகமோ துளையோ சரியில்லை, அதனால் கிரீஸ் பிதுங்கியதும் உலோகம் திரும்ப உரசுகிறது. அல்லது முதலிலிருந்தே காரணம் வேறிடம், பி.பி.யைக் கழற்றும்போது தற்செயலாகப் பெடலையும் செயின்வீலையும் இறுக்கியதில் நின்றிருக்கிறது. அதனால் இந்தத் தடவை ஒரே நாளில் எல்லாவற்றையும் கழற்றாதீர்கள். ஒன்றைச் சரிசெய்து, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததைத் தொடுங்கள். கப்பின் விளிம்பிலும் ஷெல்லிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். சத்தம் திரும்பும்போது அந்தக் கோடு விலகியிருந்தால் கப் நகர்ந்திருக்கிறது. நேராகவே இருந்தால் பெடலிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.